பதக்கத்துக்கு முந்தைய பட்டியல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் பெரும்பாலும் ஆய்வறிஞர்கள். நான் ஒரு சிறுநகரத்துத் தமிழ்வழிப் பள்ளியில் நூலகர். அப்படி ஒரு பணியிடம் இருக்கும் பள்ளியே நம்மிடம் அபூர்வம் என்பதால் அழைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆய்வுரை எதையும் கொண்டுவரவில்லை. எனக்கு நானே விதித்துக்கொண்டு, சில ஆண்டுகளாக விடாமல் செய்துவரும் ஒரு வேலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சிறார் நூல்களுக்கான பெரிய பரிசுகளுக்கு இறுதிப் பட்டியல் வெளியிடுவார்கள் அல்லவா, அதில் உள்ள புத்தகங்களை முடிவு அறிவிக்கும் முன்பே ஒன்று விடாமல் படித்து முடிப்பது. அவ்வளவுதான் சவால். யாரும் கேட்கவில்லை, யாரும் மதிப்பெண் போடப்போவதும் இல்லை.

ஏன் இந்த வேண்டாத வேலை? நூலகவியல் படித்தவர்களுக்குத் தெரியும். புத்தகத்தின் முதுகில் எந்த எண்ணை எழுதுவது, சேர்க்கைப் பதிவேட்டில் எப்படி ஏற்றுவது, எந்தத் தட்டில் அடுக்குவது எல்லாம் சொல்லித்தருகிறார்கள். உள்ளே இருப்பதைப் படிக்கச் சொல்லும் தாள் எதுவும் பாடத்திட்டத்தில் கிடையாது. சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளை நாம் எல்லோரும் தேர்வுக்கு ஒப்பித்திருக்கிறோம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பவை அவற்றுள் இரண்டு. இரண்டையும் சேர்த்துவைப்பது யார்? ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல சண்டை வருமா மிஸ்?” என்று கேட்கிறான். அதற்குப் பதில் அட்டவணையில் இல்லை. படித்தவருக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றையும் ஒருவர் படித்துவிட முடியாது. யாராவது சலித்துக் கொடுத்தால் நல்லது. நம் நாளிதழ்களில் சிறார் நூலுக்கு மதிப்புரை வருவது பொங்கல், தீபாவளி மாதிரி. அதனால்தான் பரிசுப் பட்டியல்களைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் எடுத்தது பிரிட்டனின் கார்னெகி பதக்கப் பட்டியலை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தப் பதக்கத்தைத் தீர்மானிப்பவர்கள் எழுத்தாளர்களோ விமர்சகர்களோ அல்லர், சிறார் நூலகர்கள். நம் ஆட்கள். ஸ்காட்லாந்தில் நெசவாளியின் மகனாகப் பிறந்து, அமெரிக்காவில் எஃகுத் தொழிலில் பெரும்பணம் சேர்த்த ஆண்ட்ரூ கார்னெகி, பல நாடுகளில் 2,500க்கும் மேற்பட்ட நூலகங்கள் எழப் பணம் கொடுத்தவர். அவர் நினைவாக பிரிட்டன் நூலகச் சங்கம் 1936இல் தொடங்கியது இந்தப் பதக்கம். முதல் பதக்கம் ஆர்தர் ரான்சம் எழுதிய ‘பிஜியன் போஸ்ட்’ நாவலுக்கு. புறாக்களின் காலில் செய்தி கட்டி அனுப்பும் பிள்ளைகள் வருகிற கதை. ஆண்டின் தொடக்கத்தில் நீண்ட பட்டியல் வரும், பிறகு அது குறுகும், கோடையில் முடிவு. இதற்கிடையில் பள்ளிகளிலும் நூலகங்களிலும் பிள்ளைகள் குழு சேர்ந்து அதே குறும்பட்டியலைப் படித்து, நடுவர்களோடு போட்டி போட்டுக்கொண்டு விவாதிப்பார்கள். சில ஆண்டுகளாக அந்தக் குழுக்களின் தேர்வுக்கென்றே தனிப் பரிசும் இருக்கிறது.

நான் வைத்துக்கொண்ட நிபந்தனைகள் மூன்று. பிடிக்காவிட்டாலும் பாதியில் மூடக் கூடாது. நடுவர்களுக்கு அந்தச் சலுகை இல்லையே. முடிவு வருவதற்கு முன்பே என் தேர்வைத் தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: ஒவ்வொரு புத்தகத்துக்கும் எதிரே ‘யாருக்கு?’ என்று ஒரு பத்தி. அதில் என் பள்ளிப் பிள்ளை ஒருவரின் பெயரையாவது எழுத வேண்டும். ‘பன்னிரண்டு வயதுக்கு மேல்’ என்றெல்லாம் எழுதித் தப்பிக்கக் கூடாது. பெயர் வேண்டும்.

புத்தகம் கிடைப்பதுதான் பெரும்பாடு. புதிதாக வாங்கினால் ஒரு பட்டியலுக்கே மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கு போய்விடும். சென்னைக்குப் போகும்போது பழைய புத்தகக் கடைகள், தெரிந்தவர்களிடம் இரவல், மீதிக்குக் கைபேசியில் மின்னூல். பழைய நூல்களை ஒரு மணிநேரத்துக்கு மட்டும் இரவல் தரும் இணையக் காப்பகம் ஒன்று இருக்கிறது. நேரம் முடிந்ததும் மூடிக்கொள்ளும், மறுபடி கேட்டு வாங்க வேண்டும். கண்டிப்பில் நம்மை மிஞ்சிய நூலகர்.

பட்டியலைப் படிக்கத் தொடங்கியதும் முதலில் புரிந்தது, பதக்கம் வாங்காத புத்தகங்களின் வரலாறுதான் சுவையானது என்று. 1937க்கான கார்னெகி பதக்கம் டோல்கீனின் ‘தி ஹாபிட்’டுக்குக் கிடைக்கவில்லை. ஈவ் கார்னெட் எழுதிய ‘தி ஃபேமிலி ஃப்ரம் ஒன் எண்ட் ஸ்ட்ரீட்’டுக்குக் கிடைத்தது. அமெரிக்காவின் நியூபெரி பதக்கத்தில் 1953இல் இதே கதை. ஈ.பி. ஒயிட்டின் ‘சார்லட்ஸ் வெப்’ அடுத்த நிலையில் நின்றது, வென்றது ஆன் நோலன் கிளார்க்கின் ‘சீக்ரெட் ஆஃப் தி ஆண்டீஸ்’. இந்த இரண்டையும் சொல்லி, நடுவர்களுக்குக் கண் தெரியவில்லை என்று சிரிப்பது வழக்கம். நானும் சிரிக்கும் கூட்டத்தில் சேர்ந்திருப்பேன், வென்ற புத்தகங்களைத் தேடிப் படித்திராவிட்டால். கார்னெட்டின் புத்தகத்தில் அப்பா குப்பை அள்ளும் தொழிலாளி, அம்மா துணி வெளுப்பவர், வீடு நிறையப் பிள்ளைகள். ஆயாக்களும் பங்களாக்களும் நிறைந்திருந்த ஆங்கிலச் சிறார் இலக்கியத்தில் அப்படியொரு குடும்பத்தை நடுவீட்டில் உட்காரவைத்தது அன்றைக்குச் சிறிய காரியம் இல்லை. கிளார்க்கின் புத்தகம் பெரு நாட்டு மலைகளில் லாமா மேய்க்கும் இன்கா பையனின் கதை. மெதுவாகப் போகிறது, சில இடங்களில் கண்ணைக் கட்டுகிறது. ஆனாலும் ‘யாருக்கு?’ பத்தியில் எழுத எனக்குப் பெயர் கிடைத்தது. விடுமுறைதோறும் தாத்தாவோடு ஆடு மேய்க்கப் போகும் எட்டாம் வகுப்புப் பையன் அவன். ஆங்கிலத்தில் படிக்கமாட்டான் என்பதால் லைப்ரரி பீரியடில் கதையாகச் சொன்னேன். ‘சார்லட்ஸ் வெப்’ சிலந்திக் கதையை எல்லோரும் ரசித்தார்கள். லாமாக் கதையில் அவன் மட்டும் குறுக்கே குறுக்கே வந்து, மந்தையை இப்படி ஓட்டமாட்டார்கள் மிஸ் என்று திருத்திக்கொண்டே இருந்தான்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நடுவர்கள் கேட்பது, எது சிறந்தது என்று. நூலகர் கேட்க வேண்டியது, இது யாருக்கு என்று. முதல் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்க முடியும், ஆகவே மற்ற புத்தகங்கள் கீழே இறங்கிவிடுகின்றன. இரண்டாம் கேள்விக்குப் பட்டியல் முழுக்கத் தேவை. நியூபெரி விதிமுறையிலேயே, பிள்ளைகளிடம் பிரபலம் என்பதற்காகவோ நீதி புகட்டுகிறது என்பதற்காகவோ பரிசு தரக் கூடாது என்று இருக்கிறது. நல்ல விதி. நம்மூரில் சிலருக்கு அச்சடித்துக் கொடுக்கலாம். ஆனால் பிரபலம் வேண்டாம் என்று நடுவர் சொல்லலாம், மதிய இடைவேளையில் மேசைக்கு எதிரே நாற்பது பேர் நிற்கும்போது நூலகர் சொல்ல முடியாது.

‘யாருக்கு?’ பத்தி வெறுமையாக நின்ற இடமும் உண்டு. 2014இல் கார்னெகி வென்ற கெவின் புரூக்ஸின் ‘தி பங்கர் டைரி’. கடத்தப்பட்ட பதின்வயதுப் பையன் நிலத்தடி அறையில் அடைபட்டு, மற்றவர்களோடு கிடந்து, நாட்குறிப்பு எழுதுகிறான். மீட்பு வரும் வரும் என்று பக்கம் புரட்டுகிறோம், வரவே இல்லை. அந்தப் பரிசு பிரிட்டிஷ் பத்திரிகைகளில் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. இவ்வளவு நம்பிக்கையின்மையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா என்றார்கள். ஹெராயினுக்கு அடிமையான இளைஞர்களைப் பற்றிய மெல்வின் பர்ஜெஸின் ‘ஜங்க்’ 1996க்கான பதக்கத்தை வாங்கியபோதும் இதே வாதம் நடந்தது. என் கருத்தைக் கேட்டால், ‘தி பங்கர் டைரி’ திறமையான எழுத்து, பரிசு தந்ததில் எனக்குக் குறையில்லை. என் பத்தியில் எழுதியது, ‘இப்போதைக்கு ஒருவருக்கும் இல்லை.’ இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. தடை செய்வது வேறு, கையில் எடுத்துக் கொடுக்காமல் இருப்பது வேறு. கேட்டு வருகிற பிள்ளை இருந்தால் பேசிவிட்டுக் கொடுப்பேன்.

பட்டியலை முழுக்கப் படிப்பவருக்கு இன்னொன்றும் தெரியவரும்: பட்டியலில் யார் இல்லை என்பது. 2017இல் கார்னெகியின் நீண்ட பட்டியலில் இருபது புத்தகங்கள். அவற்றில் ஒன்றுகூட வெள்ளையர் அல்லாத எழுத்தாளர் எழுதியதில்லை. எதிர்ப்புக் கிளம்பியது. பரிசை நடத்தும் சங்கம் தனி மறுஆய்வுக்கு ஏற்பாடு செய்து, நியமன முறையையும் நடுவர் பயிற்சியையும் திருத்த வேண்டியதாயிற்று. 2019இல் எலிசபெத் அசெவெடோவின் ‘தி போயட் எக்ஸ்’ வென்றது. 1936இல் தொடங்கிய பரிசில் வெள்ளையர் அல்லாத ஒருவர் பதக்கம் வாங்கியது அதுவே முதல்முறை. மதம், அம்மா, உடல், கவிதை எல்லாவற்றோடும் மல்லுக்கட்டும் ஹார்லெம் பெண்ணின் கதை, கவிதை வடிவில். பத்தாம் வகுப்பில் ஒருத்திக்கு என்று எழுதினேன். பெயரை இங்கே சொல்லமாட்டேன், அவள் அம்மாவும் இந்த ஊர்தான்.

அமெரிக்கப் பரிசில் இந்தக் கணக்கு விசித்திரமாக இருக்கிறது. உலகின் முதல் சிறார் நூல் பரிசு என்று சொல்லப்படும் நியூபெரி 1922இல் தொடங்கியது. ஏழாவது பதக்கமே, 1928இல், வங்காளத்தில் பிறந்து அமெரிக்கா சென்ற தன் கோபால் முகர்ஜிக்குக் கிடைத்துவிட்டது. ‘கே-நெக்’ என்ற அந்தப் புத்தகமும் புறாக் கதைதான். கல்கத்தாவில் வளர்த்த புறா, முதல் உலகப் போரில் இந்தியப் படையோடு பிரான்சுக்குச் செய்தி சுமக்கப் போய், திரும்பி வந்தபின் அச்சத்தில் பறக்க மறுக்கிறது. இமயமலையில் பௌத்தத் துறவிகளின் மடத்தில் அதன் பயம் போகிறது. போரில் மனம் உடைந்தவர்களைப் பற்றி 1927இல் ஒருவர் பிள்ளைகளுக்கு எழுதியிருக்கிறார், அதுவும் புறாவை வைத்து. ஆனால் ஆப்பிரிக்க அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் அதே பதக்கத்தை வாங்க 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வர்ஜீனியா ஹாமில்டன் அவர். தூரத்துக் கல்கத்தா சீக்கிரம் எட்டிவிட்டது, சொந்த ஊரின் அடுத்த தெருவுக்குப் போய்ச்சேர அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

சென்னையும் இந்த வாசிப்பில் வந்தது. சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வாழும் பத்மா வெங்கட்ராமன் எழுதிய ‘தி பிரிட்ஜ் ஹோம்’. 2019இல் வெளியானது, மறு ஆண்டு வால்டர் டீன் மையர்ஸ் பரிசு பெற்றது. அப்பாவின் அடி தாங்காமல் வீட்டைவிட்டு ஓடிவரும் விஜி, ருக்கு என்ற இரு சகோதரிகள், பாலத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் அருள், முத்து என்ற இரு பையன்களோடு சேர்கிறார்கள். குப்பைமேட்டில் பொறுக்கிப் பிழைக்கிறார்கள். ருக்கு அக்கா, ஆனால் வளர்ச்சிக் குறைபாட்டால் தங்கைதான் அவளைப் பார்த்துக்கொள்கிறாள். கதை முழுக்க விஜி ருக்குவுக்கு எழுதும் கடிதம் போல. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இது தொலைதூர நகரம், எங்கள் பிள்ளைகளுக்கு ரயிலேறினால் வந்துவிடுகிற ஊர். நமக்குத் தெரிந்தவற்றைப் பல இடங்களில் விளக்குகிறார். அங்கே இருக்கும் வாசகருக்கான விளக்கம் அது, நாம் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. தமிழில் சொல்லும்போது அவற்றைத் தாண்டிப் போனேன், கதை இன்னும் வேகமாக ஓடியது. முடிந்ததும் ஏழாம் வகுப்புப் பெண் கேட்டாள், “ருக்குவ ஏன் மிஸ் சாகடிச்சாங்க?” அப்புறம் அந்த பீரியட் முழுக்க அதுதான் பேச்சு. மருத்துவமனைக்குச் சீக்கிரம் கொண்டுபோயிருக்கலாம், யாரிடம் கேட்பார்கள், பெரியவர்களை அவர்கள் ஏன் நம்பவில்லை. சமூக அறிவியல் ஆசிரியர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, மணி அடித்தும் உள்ளே வரவில்லை.

எந்தப் பட்டியல் புத்தகத்தை நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன் என்று கேட்டால், ‘தி ப்ளூ புக் ஆஃப் நெபோ’. வேல்ஸ் நாட்டு எழுத்தாளர் மானன் ஸ்டெஃபன் ராஸ் வெல்ஷ் மொழியில் எழுதி, 2018இல் அங்கே தேசிய விழாவில் உரைநடைப் பதக்கம் பெற்ற நாவல். அவரே ஆங்கிலத்தில் பெயர்த்தார். அணுப் பேரழிவுக்குப் பிறகு ஆளற்றுப்போன ஊரில் தாயும் மகனும் ஒரு நீல நோட்டில் மாறி மாறி எழுதுகிறார்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதில்லை என்ற ஒப்பந்தத்தோடு. 2023இல் இதற்குக் கார்னெகி கிடைத்தது. மொழிபெயர்ப்பு நூலொன்று அந்தப் பதக்கத்தை வாங்கியது அதுவே முதல்முறை. என் நோட்டில் அந்த ஆண்டுத் தேர்வும் அதுதான். வென்றது என்பதால் சொல்லவில்லை, தேதி இருக்கிறது, காட்டுகிறேன். வெல்ஷ் பேசுவோர் லட்சக்கணக்கில்தான், நாமோ கோடிக்கணக்கில். தமிழ்ச் சிறார் நாவல் ஒன்று ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு அப்படியொரு பட்டியலுக்குப் போவதற்கு நம் தரப்பில் யார் என்ன செய்கிறோம் என்று பதிப்பாளர்கள் யோசிக்கலாம். நான் நூலகர், யோசிக்கச் சொல்லத்தான் முடியும்.

பிள்ளைகளே தேர்வு செய்யும் பரிசுகளும் உண்டு. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில் 1952இல் தொடங்கிய பரிசில் பள்ளிப் பிள்ளைகள்தான் வாக்காளர்கள். டெக்ஸாஸ் மாநில நூலகச் சங்கம் 1979இல் ஏற்படுத்திய புளூபானட் பரிசின் முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஆண்டுதோறும் இருபது புத்தகங்கள் கொண்ட பட்டியல். அதில் ஐந்தையாவது படித்த பிள்ளைக்குத்தான் ஓட்டுரிமை. பிள்ளைக்கு ஐந்து போதும், பட்டியல் முழுக்கப் படித்துவிடுவதை அங்கே பல பள்ளி நூலகர்கள் தங்கள் சொந்தச் சவாலாக வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

அந்த முறையை எங்கள் பள்ளியில் தமிழ்ப் புத்தகங்களைக் கொண்டு நடத்திப் பார்த்தோம். சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் வழங்கிவருகிறது. பரிசு பெற்ற தமிழ் நூல்களில் கைக்குக் கிடைத்தவை, கூடவே நானே சேர்த்த சில. ம. கமலவேலனின் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’, யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ எல்லாம் அதில் உண்டு. ஐந்து படித்தால் ஒரு ஓட்டு. தலைமையாசிரியர் பழைய ஓட்டுப்பெட்டி ஒன்றை எங்கிருந்தோ தேடிக் கொடுத்தார். கீழடிக்குக் கூட்டிப்போகும் ‘ஆதனின் பொம்மை’க்கு நல்ல ஓட்டு. சிரிப்புக் கதைகளுக்கு அதைவிட நல்ல ஓட்டு. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது பதிவேட்டில் இருந்தது. குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலைப் பற்றிப் பேசுகிற ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ ஓட்டு எண்ணிக்கையில் பின்னால் நின்றது. ஆனால் இரவல் பதிவேட்டைப் புரட்டினால் அந்தப் புத்தகம் தட்டில் தங்கவே இல்லை. எடுத்தவர்களில் சிலர் மறுபடி எடுத்திருக்கிறார்கள். தங்கைக்கு என்று கேட்டு வாங்கியவர்களும் உண்டு. ஓட்டுச் சீட்டில் அதன் பெயரை எழுத அவர்கள் விரும்பவில்லை. ஓட்டு எண்ணும் மேசையில் அந்தப் பெயரை உரக்க வாசிப்போம் என்பது அவர்களுக்குத் தெரியும். நடுவர் குழு ஒன்றைச் சொல்கிறது, பிள்ளைகளின் ஓட்டு இன்னொன்றைச் சொல்கிறது, பதிவேடு மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறது. கார்னெகியிலும் இது நடக்கிறது. 2022இல் நடுவர்கள் கேத்யா பேலனின் ‘அக்டோபர், அக்டோபர்’ நூலைத் தேர்ந்தார்கள், பிள்ளைகளின் குழுக்கள் எரித்திரிய அகதிப் பையன் வரும் மன்ஜீத் மானின் ‘தி கிராஸிங்’கைத் தேர்ந்தன. இரவல் பதிவேடுகளை யாரும் அச்சிடுவதில்லை. அச்சிடவும் கூடாது, அதில் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் அதை வாசிக்கத் தெரிந்தவர் நூலகர் மட்டும்தான், அதுவும் உள்ளே இருக்கும் புத்தகத்தைப் படித்திருந்தால்தான்.

நூலகவியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் 2023 முதல் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து அரசுப் பள்ளிகளுக்குச் சிறு நூல்களைக் கொடுத்துவருகிறது. புத்தகம் போய்ச்சேர்கிறது. எது யாருக்கு என்று சொல்ல ஆள் வேண்டும். உங்கள் துறையில் பயிற்சிக் காலம் என்று ஒன்று இருக்கிறதே, அதில் ஒரு மாதத்தை ஒரு பட்டியலை முழுக்கப் படிப்பதற்கும், ‘யாருக்கு?’ பத்தியை நிரப்புவதற்கும் ஒதுக்கச் சொல்லிப் பேராசிரியர்களிடம் கேளுங்கள். துறைத்தலைவர் தலையசைக்கிறார், அச்சில் இதையும் சேர்த்துவிடுங்கள்.

எங்கள் பள்ளிப் பட்டியலில் இருந்த தமிழ்ப் புத்தகங்களைக் கொண்டுவந்து வெளியே தேநீர் மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எடுத்துப் போகலாம். பக்கத்திலேயே பதிவேடும் பேனாவும் இருக்கின்றன. பெயர், துறை, தேதி மூன்றையும் எழுத வேண்டும். திருப்பித் தருவதற்குப் பதினைந்து நாள், பேராசிரியர்களுக்கும் அதே பதினைந்து நாள்தான்.